குடைக் கூடம் எந்த நாட்டினது?

1

போன வாரம் அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. கடிதப் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று கூரியர்க்காரன் வாசல் மிதியடியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒக்லாந்து மழை சாய்ந்து பெய்கிற மழை. நான் வேலையால் வந்து உறையைப் பிரித்தபோது ஓரங்கள் ஊறியிருந்தன. அனுப்பியவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அண்ணர். உள்ளே ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. அவரால் இப்போது எழுத முடியாது. ஆனால் யாரையாவது பிடித்து எழுதுவித்தாவது திட்டக்கூடிய மனிதர், அதையும் செய்யவில்லை என்பதுதான் எனக்குச் சுட்டது.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு அது என்ன புத்தகம் என்று சொல்ல வேண்டும். உலகக் கண்காட்சி என்று ஒன்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகரத்தில் நடக்கும். நாடுகள் ஆளுக்கொரு கூடம் கட்டும். காசுள்ள நாடு அண்ணாந்து பார்க்கக் கட்டும். இல்லாத நாடு பொது மண்டபத்தில் ஒரு மூலையைப் பிடித்து, நாலு முகமூடியும் ஒரு தேயிலைப் பெட்டியும் வைத்துவிட்டு நிற்கும். அங்கே கடவுச்சீட்டு மாதிரியே ஒரு குட்டிப் புத்தகம் விற்பார்கள். ஒவ்வொரு கூடத்திலும் அந்த நாட்டின் முத்திரையை அதில் குத்திக்கொள்ளலாம். பார்த்தால் சிறுபிள்ளை விளையாட்டு. அதற்காகவே கண்டம் விட்டுக் கண்டம் பறக்கிற தலை நரைத்த கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. நான் அதில் ஒருவன்.

சிரிக்க வேண்டாம். உண்மையான கடவுச்சீட்டில் ஒரு முத்திரை வாங்க எங்கள் ஆட்கள் எத்தனை தூதரகக் கண்ணாடிக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கண்காட்சியில் எல்லா நாடும் பல்லைக் காட்டிக்கொண்டு குத்தும். ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு நாடும் தன்னை நல்ல பிள்ளையாகக் காட்டும். சண்டை இல்லை, கடன் இல்லை, காணாமல் போனவர் ஒருவரும் இல்லை. எல்லாம் பாட்டும் பச்சை மரமும். ஆறு மாதம் முடிய, அந்த நல்ல பிள்ளையைக் கழற்றி லொறியில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். இவ்வளவு அழகாகச் சொல்லப்படும் பொய்யை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் பொய்யைப் பார்க்க எத்தனை மணித்தியாலமும் வரிசையில் நிற்பேன்.

2

இந்தப் பைத்தியம் எனக்கு ஆறு வயதில் பிடித்தது. பிடிக்க வைத்தவர் அண்ணர். அவர் என்னைவிட ஐந்து வயது மூப்பு.

யாழ்ப்பாணம் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டில் சீமெந்துத் தொழிற்சாலை மெக்கானிக் ஒருவர் குடியிருந்தார். பயிற்சிக்கென்று ஜப்பான் போய்வந்தவர். எழுபதாம் ஆண்டு ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியின் படங்களைப் பார்க்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அவர் வீட்டு அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்தது. இரண்டு துவாரத்திலும் கண்ணை வைத்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உள்ள விசையைத் தட்டினால் படம் மாறும். வீடு மாறிப் போகும்போது அதை அண்ணரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணர் வகுப்பில் முதலாம் பிள்ளை. நான் எத்தனையாம் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணர் அதை என் கையில் தரவே இல்லை.

"நீ சின்னப் பெடியன், உடைச்சுப்போடுவாய். நான் பாத்துச் சொல்லுறன், நீ கேள்."

பின்னேரங்களில் யன்னல் பக்கம் திரும்பி நின்று அவர் சொல்லுவார். நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். என் முதல் உலகக் கண்காட்சி அண்ணரின் பெனியன்தான். இரண்டு பக்கமும் கை விரித்து நிற்கிற, வயிற்றிலும் ஒரு முகம் வைத்த கோபுரத்தைச் சொன்னார். அமெரிக்கக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சந்திரக் கல்லைச் சொன்னார். பிற்காலத்தில் நான் தேடி வாசித்த புத்தகங்களில் அவை எல்லாம் அப்படியே இருந்தன.

ஒருநாள் விசையைத் தட்டிவிட்டு வெகுநேரம் பெட்டியில் கண்ணை வைத்தபடி நின்றார். பிறகு சொன்னார்:

"டேய், இது ஒரு குடைக் கூடம். குடையைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரிக் கூரை. மழைத் தண்ணி முழுக்க அதுக்குள்ள நிறைஞ்சு நிக்குது. கண்ணாடிக் கூரை. சனம் கீழ நடக்குது, மேல மீன் ஓடுது."

"உண்மையாவே?"

"பின்னே? உள்ளுக்குப் போற ஆக்களின்ர உடுப்பு என்ன நிறமோ அந்த நிறத்துக்கு வெளிச்சம் மாறுதடா."

எந்த நாடு என்று கேட்டேன். பெயர் எழுதின பக்கம் படத்தில் வெட்டுப்பட்டுப் போய்விட்டது என்றார்.

அந்த ஒரு படத்தையாவது பார்க்கவேண்டும் என்று கெஞ்சினேன். அழுதேன். ஒருநாள் அவர் கிரிக்கெட் விளையாடப் போன நேரம் மேசை லாச்சியைத் திறந்து பெட்டியை எடுத்துவிட்டேன். கண்ணில் வைப்பதற்குள் பின்னால் வந்து பறித்தார். பறித்த கையோடு போய்க் கிணற்றுக்குள் எறிந்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் வேண்டாம்," என்றார்.

களவெடுத்ததற்கு அடி எனக்கு விழுந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

3

இங்கே என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. விடிய ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்துக்குப் போகிறேன். வெளியூருக்குப் போகிற சாமான்களைப் பெட்டி அடித்து, லேபல் ஒட்டி, கொண்டெயினரில் ஏற்றுவிக்கிற பகுதிக்கு நான் பொறுப்பு. சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாமுக்குப் போய் மரக்கறியும் கருவாடும் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணரோடு தொலைபேசி. மிச்ச நேரம் முழுக்கக் கராஜுக்குள்.

கராஜில் கார் நிற்பதில்லை. உலகக் கண்காட்சிகள் நிற்கின்றன. வரைபடங்கள், கையேடுகள், சட்டையில் குத்துகிற சின்னங்கள், நான் மட்டையில் வெட்டி ஒட்டிய கூடங்கள். என் மனைவி சாந்தினி அங்கே ஒரு பெரிய பிரீசரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த இடம் எழுபதாம் ஆண்டு ஒசாகா. கேட்டால், உங்கட ஜப்பானைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ, ஆட்டிறைச்சி வைக்க இடம் வேணும் என்கிறாள்.

குடைக் கூடத்தைத் தேடினேன். எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். எழுபதாம் ஆண்டுக் கண்காட்சியைப் பற்றிய புத்தகம் எங்கே கண்டாலும் முதலில் கூரைகளைத்தான் பார்ப்பேன். எங்கள் பைத்தியக்காரக் குழுவில் உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கூடத்தின் கழிவறை எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். சின்ன நாடாக இருக்கும், படம் தப்பியிருக்காது என்று நான் வாதாடினேன். என் அண்ணர் கண்ணால் கண்டவர் என்று எழுதினேன். ஒரு பெல்ஜியம்காரன் சிரிக்கிற முகம் போட்டான். அவனோடு இன்றுவரை நான் கதைப்பதில்லை.

அண்ணரிடம் கேட்டால், "தேடு, தேடு, கிடைக்கும்," என்பார்.

ஒசாகாவில் மறுபடியும் உலகக் கண்காட்சி என்று அறிவித்த நாளில் அண்ணர்தான் எனக்கு முதலில் போன் எடுத்தார். அப்போதே அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, கண்ணுக்கு ஏறிவிட்டது. ஒரு கண் போய்விட்டது. மற்றது புகை மூட்டம். அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், பேப்பரின் தலைப்பை மட்டும் பூதக்கண்ணாடி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தக் கண் அணையிறதுக்குள்ள ஒருக்கா அதைப் பாத்திட வேணுமடா. நீயும் வா. ரெண்டு பேரும் போவம்," என்றார்.

வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்ட முதல் விசயம் அது. எனக்குப் பெரிய சந்தோசம். பழிவாங்கக் கிடைத்த சந்தர்ப்பம் என்ற சந்தோசமும் அதில் கலந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசா கிடைக்கவில்லை. ஓய்வூதியக் கடிதம், வீட்டு உறுதிப் பத்திரம், என் அழைப்புக் கடிதம் எல்லாம் கொடுத்தும் இல்லை. காரணம் சொல்லவில்லை. இதற்குமுன் நான் அவரை ஒக்லாந்துக்குக் கூப்பிட்டபோதும் இல்லை என்றுதான் வந்தது. அப்போதாவது காரணம் சொன்னார்கள்: திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லையாம். சண்டைக் காலம் முழுக்க ஊரைவிட்டு அசையாமல் இருந்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவர். ஓடிவந்த எனக்கு இந்த நாட்டின் கறுப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது, நான் எங்கேயும் போகலாம்.

"குருடன் ஒருத்தன் ஜப்பானில ஒளிச்சிருந்து என்ன செய்யப்போறானாம்? நீ போட்டு வா. எனக்கும் ஒரு புத்தகத்தில முத்திரை குத்திக்கொண்டு வா," என்றார் அண்ணர்.

என் மகள் மதுரா இங்கே பிறந்தவள். தமிழ் விளங்கும், வாய் திறந்தால் ஆங்கிலம்தான். வரிசையில் நிற்கத் தன்னால் முடியாது என்று என்னோடு வர மறுத்துவிட்டாள். நான் அண்ணருக்கு ஒவ்வொரு கூடத்தையும் எப்படி விவரிப்பது என்று பயிற்சி செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டாட், ஜஸ்ட் மேக் இட் அப். ஹீ கான்ட் சீ."

இட்டுக்கட்டிச் சொல்லுங்கள், அவருக்குத்தான் கண் தெரியாதே என்று. நான் அவளைப் பேசின பேச்சில் சாந்தினி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கூடங்கள் பொய் சொல்லலாம், கூடங்களைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்று கத்தினேன்.

4

கடலை நிரவி உண்டாக்கிய தீவில் கண்காட்சி. சுற்றிவர மரத்தால் கட்டிய மிகப் பெரிய வளையம். அதற்கு மேலே ஏறி நடக்கலாம். நல்ல வெயில். மூக்கிலும் வாயிலும் நுழைகிற குட்டிப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. எனக்குச் சொர்க்கம்.

தொலைபேசியில் அண்ணரைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்தில் அண்ணி போனைப் பிடிக்க, அவர் மிச்சமிருந்த கண்ணைத் திரையில் ஒட்டிவைத்தார். எனக்குத் தெரிந்தது ஒரு புருவம் மட்டும்.

"தம்பி, வெள்ளையா ஒரு பொட்டுத்தான் தெரியுது."

"சரி அண்ணை. நான் பாத்துச் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ."

அந்த வசனத்தை ஐம்பது வருடமாக நான் வைத்திருந்தேன். புருவம் அசையவில்லை. ஞாபகம் வந்ததோ இல்லையோ தெரியாது. எனக்கு ஒரு குரூரமான சந்தோசம் வந்தது, உடனே போய்விட்டது. பிறகு ஒழுங்காகத்தான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வளையத்தின் மரச் சட்டங்கள் எப்படிக் கோர்த்திருக்கின்றன, எந்த நாட்டுச் சுவர் வளைந்திருக்கிறது, எந்த நாட்டு வாசலில் தண்ணீர் ஓடுகிறது எல்லாம்.

ஜோர்தான் கூடத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். தங்கள் பாலைவனத்திலிருந்து சிவப்பு மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அதில் உட்காரலாம், கையால் அளையலாம். அண்ணருக்குச் சொன்னேன்.

"எப்பிடியிருக்கு மணல்?"

"பட்டு மாதிரி அண்ணை. குளிர்ச்சியா இருக்கு."

"அதில கொஞ்சம் எனக்குக் கொண்டு வாவன்," என்றார். சின்னப் பிள்ளை கேட்பது மாதிரிக் கேட்டார். கொண்டுவாறன் என்றேன்.

கூடத்தில் மணல் எடுப்பது தவறு. ஆனால் நான் எழும்பி வெளியே வந்தபோது காற்சட்டை மடிப்புக்குள் கொஞ்சம் கிடந்தது. அதை ஒரு கடதாசியில் கொட்டி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இன்னொரு கூடத்தில் நான் இரண்டு புத்தகத்தையும் நீட்டியபோது முத்திரைக்கு நின்ற பெண் ஒரு விரலைக் காட்டினாள். ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம்தானாம். நான் தொலைபேசியைத் தூக்கி, இவர்தான் மற்ற ஆள் என்று அண்ணரின் புருவத்தைக் காட்டினேன். அவள் புருவத்துக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். இலங்கையில் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. வெளியே வந்து, கையை நீட்டி, இலங்கை அதோ அந்தப் பொது மண்டபத்தில் இருக்கிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

அண்ணருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் அண்ணி போனைக் கீழே போட்டுவிட்டா.

பொது மண்டபத்துக்கும் போனேன். எங்கள் நாட்டின் மூலையில் கடற்கரைப் படங்களைக் காட்டி, வந்து பாருங்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்திரையை இரண்டு புத்தகத்திலும் குத்தினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தன் நாட்டுக் கூடத்தில் முத்திரை விழுகிற சத்தத்தை அண்ணர் யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்டார்.

ஒக்லாந்து விமான நிலையத்தில் சுங்கப் பத்திரத்தில் மணல் என்று எழுதினேன். இந்த நாட்டில் ஒரு தோடம்பழத்தை மறைத்தாலும் தண்டம் அடிப்பார்கள். அதிகாரி கடதாசியைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். மண்வகை உள்ளே விட முடியாது, மன்னிக்கவும் என்றார். தொட்டிக்குள் போட்டார். குருடருக்கு என்று சொன்னேன். சொறி மேட் என்றார். நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த மணலை ஜப்பானிலிருந்தே தபாலில் போட்டிருக்கலாம். நாள் முழுக்கப் பொதி அனுப்புகிற எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. பறிபோனதை அண்ணருக்குச் சொல்லவும் மனம் வரவில்லை.

5

அவருடைய புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது போய்ச் சேருவதற்குள் சத்திரசிகிச்சை என்று ஒன்று செய்து, மிச்சமிருந்த கண்ணும் போய்விட்டது.

புத்தகம் கிடைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் கராஜுக்குள், பிரீசருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அண்ணி புத்தகத்தை அவர் மடியில் விரித்து வைத்தா. அவர் விரலால் பக்கங்களைத் தடவினார். மேலும் கீழும் தடவினார். நகத்தால் சுரண்டினார்.

"ஒண்டும் தட்டுப்படேல்லையடா," என்றார். "வழுவழு எண்டு கிடக்குது."

மை முத்திரை. கைக்குத் தட்டுப்படாது. கொண்டெயினர் கணக்காகப் பொதிகளுக்கு முத்திரை குத்துகிறவன், இதை ஒரு கணம்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"என்னப்பா இருக்கு இதில?" என்று அண்ணியைக் கேட்டார்.

"வட்டம் வட்டமா இருக்கு. சிலது சதுரம்," என்றா அண்ணி.

அவர் புத்தகத்தை மூடினார். மூடிய புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, காமெராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். என் அண்ணரை அவ்வளவு தோற்றுப்போனவராக நான் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தபோது தாங்க முடியவில்லை.

"தம்பி," என்றார். "குடைக் கூடம். இந்த முறையாவது கண்டனியே?"

அவர் குரலில் அப்படி ஒரு ஏக்கம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் அண்ணை. கண்டனான்."

"உண்மையாவே?"

"பின்னே? உங்களுக்கு நேரில சொல்லுவம் எண்டு வச்சிருந்தனான். பழைய கூடத்தைப் பாத்து அப்பிடியே திரும்பக் கட்டியிருக்கினம்."

"மீன்?"

"மேல ஓடுது. சிவப்பு மீன்."

"வெளிச்சம் மாறினதே?"

"ஓம். நான் நீலச் சட்டை. போன உடனே முழுக்க நீலமாப் போச்சு. முன்னால நிண்ட கிழவி மஞ்சள்." சொல்லச் சொல்ல எனக்கு நன்றாக வந்தது. ஐம்பது வருடமாக மனதுக்குள் கட்டி வைத்திருந்த கூடம் அல்லவா.

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் சந்தோசத்தில் என்று நினைத்தேன்.

"டேய், அந்தப் பெட்டிக்குள்ள ஒண்டுமே இல்லையடா. படம் எல்லாம் பூஞ்சணம் பிடிச்சு, சாம்பல் நிறமாக் கிடந்தது. கோபுரம் பெட்டியின்ர மூடியில அச்சடிச்சிருந்தது. சந்திரக் கல்லு பேப்பரில வந்தது. குடைக் கூடம் நான் விட்ட புளுகு. நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய், நானும் விட்டன். உன்ர கண்ணில பெட்டியை வச்சா எல்லாம் பிடிபட்டிடும் எண்டுதான் கிணத்துக்க எறிஞ்சனான்."

சுவரில் ஒட்டியிருந்த எழுபதாம் ஆண்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நான் சந்தேகப்பட்ட இடங்களை எல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

"அது கிடக்கட்டும்," என்றார் அண்ணர். சிரிப்பு நின்றுவிட்டது. "சும்மா சோதிச்சுப் பாப்பம் எண்டு கேட்டனான். இல்லாத கூடத்துக்குள்ள நீ போய் வந்திட்டாய். அப்ப அந்த மர வளையம்? வாசலில தண்ணி? ஜோர்தான் மணல்? இதில எதையடா நான் நம்புறது?"

"மற்றதெல்லாம் உண்மை அண்ணை. அம்மாவாணை உண்மை."

"பட்டு மாதிரி எண்டு சொன்னாய். நான் ஒவ்வொரு நாளும் படுக்கேக்க அதை நினைச்சுக்கொண்டுதான் படுத்தனான். மணல் கேட்டன், கொண்டுவாறன் எண்டாய். எங்கை?"

"ஏர்போட்டில பறிச்சுப்போட்டாங்கள் அண்ணை."

"ஓமோம்," என்றார். "குடைக் கூடத்திலயும் பேர் எழுதின பக்கம் வெட்டுப்பட்டுப் போச்சு."

அண்ணியிடம் போனை வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. புத்தகம்தான் வந்தது.